தீர்த்தமலைப் படிகளில் இதயத்தின் தாளம்

தருமபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது தீர்த்தமலை. மலைமீது தீர்த்தகிரீஸ்வரர், அன்னை வடிவாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கிறார். இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் இங்கே சிவபூஜை செய்ய விரும்பி, அபிஷேகத்துக்குக் கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்றும், அனுமன் வரத் தாமதமாகவே பாறையில் அம்பு எய்து நீரை வரவழைத்தார் என்றும் தலபுராணம் கூறும். அந்நீரே இராம தீர்த்தம். பின்னர் வந்து சேர்ந்த அனுமன், தாம் கொணர்ந்த நீர் பூஜைக்குப் பயன்படாமல் போயிற்றே என்று வருந்தி அதை வீச, அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தமாயிற்று. மலையில் இராம தீர்த்தத்தோடு குமார, கௌரி, அகத்திய, அக்னி தீர்த்தங்களும் உள்ளன. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் இது.

இத்தீர்த்தங்களில் நீராட விரும்புவோர் படியேற வேண்டும். இளைஞர்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுவர். வயது முதிர்ந்தோர் பாதி வழியில் நின்று, மார்பில் கை வைத்து, “ஒன்றுமில்லை, கொஞ்சம் படபடப்பு” என்று உடன் வந்தவரைச் சமாதானம் செய்வதை எந்த மலைக்கோயிலிலும் காணலாம். அந்தப் படபடப்பு பெரும்பாலும் ஒன்றுமில்லாததுதான். சில சமயம் அப்படி இல்லை. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வது, பயணத்துக்கு எடுத்துச் செல்லும் கைத்தடியைவிடப் பெரிய துணை.

மலையேறும்போது இதயம் விரைவது இயல்பு. கால் தசைகளுக்கு அதிக இரத்தம் தேவைப்படுவதால் நிமிடத்துக்கு 70 முறை துடித்த இதயம் 110, 120 என்று ஏறும். ஆனால் அந்தத் துடிப்பு வேகமாக இருந்தாலும் சீராக இருக்கும். நிழலில் அமர்ந்தால் சில நிமிடங்களில் மெல்ல இறங்கிவிடும். கவலைக்குரியது வேறு வகை: உட்கார்ந்த பின்னும் அடங்காத துடிப்பு, திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் வேகம், தாளக்கட்டே இல்லாமல் முன்னும் பின்னும் தாவும் துடிப்பு, அவற்றோடு வரும் தலைசுற்றலும் கண் இருட்டும்.

இதயத்தின் வலப்புற மேலறையில், கண்ணுக்குப் புலப்படாத சிறு திசுக்கட்டு ஒன்று உள்ளது. நட்டுவனார் தாளம் தட்டுவதுபோல் இதுதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கிறது. இங்கிலாந்தின் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் இதை 1907-இல் கண்டறிந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில், ஜப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்னோட்டம் கடந்து செல்லும் வாயிலை விவரித்திருந்தார். மேலறைகள் முதலில் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளில் நிரப்ப வேண்டும். கணநேர இடைவெளிக்குப் பின் கீழறைகள் சுருங்கி உடலெங்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கணநேர இடைவெளியைத் தருவதே அவ்வாயிலின் பணி. இந்த மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரையும் கருவியை உருவாக்கிய வில்லெம் ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈ.சி.ஜி. என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

நம் மரபு ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்று கணக்கிட்டது. தில்லையம்பலத்தின் பொன்னோடுகள் அந்த எண்ணிக்கையில் அமைந்தவை என்பர். அவற்றைப் பிணைக்கும் 72,000 ஆணிகள் நாடிகளைக் குறிக்கும் என்பர். திருவாரூர்த் தியாகேசரின் அசபா நடனமும் திருமாலின் மார்பில் மூச்சோடு எழுந்து தாழும் நடனமே. 21,600 மூச்சு என்றால் நிமிடத்துக்கு 15. ஒரு மூச்சுக்கு ஐந்து துடிப்பு வீதம் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 1,08,000 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 75. இன்றைய மருத்துவம் ஓய்வு நிலையில் 60 முதல் 100 வரை இயல்பு என்கிறது. 108 என்ற எண் வந்து விழுவதைக் கண்டு சிலர் மகிழலாம். அதில் பெரிய தத்துவம் தேட வேண்டியதில்லை, கணக்கு பொருந்துகிறது, அவ்வளவே.

தாளம் தவறும் வகைகளுள் மிக எளியது, “ஒரு துடிப்பு விட்டுப்போனது” போன்ற உணர்வு. உண்மையில் அது விட்டுப்போவதில்லை. ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்பாகவே வந்துவிடுகிறது. அடுத்தது சற்றுத் தாமதித்து, பலமாக மார்பில் மோதுகிறது. அந்த மோதலைத்தான் மனம் கவனிக்கிறது. இதயம் வேறு வகையில் நலமாக இருப்போருக்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. உறக்கக் குறைவு, காய்ச்சல், மனக்கலக்கம் இருக்கும்போது இது அதிகமாகும். மிதமாகக் காப்பி அருந்துவதால் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை என்பதைக் காப்பிப் பிரியர்கள் அறிந்து நிம்மதி கொள்ளலாம்.

முதுமையில் அதிகம் அஞ்ச வேண்டியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம். நட்டுவனாரின் தாளம் அடங்கிப்போய், மேலறைத் தசைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட முறை நடுங்குகின்றன. நடுவிலுள்ள வாயில் அவற்றில் சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது. அதனால் மணிக்கட்டில் கை வைத்தால் எந்த ஒழுங்கும் இல்லாத நாடி தென்படும். இதில் படபடப்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. நடுங்கும் மேலறையில் இரத்தம் ஓடாமல் தேங்குகிறது. குறிப்பாக இடப்புற மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பை போன்ற பகுதியில். தேங்கிய இடத்தில் கட்டி உறைகிறது. அக்கட்டி ஒரு நாள் பெயர்ந்து மூளைக்குச் சென்று இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்நோய் உள்ளோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1991-இல் எடுத்துரைத்தது. கொடுமை என்னவெனில், பலருக்குப் படபடப்பே தெரிவதில்லை. “வயதாகிவிட்டது, முன்போல் நடக்க முடியவில்லை” என்று சொல்லிக்கொண்டே காலம் போகும். முதல் அறிகுறியாகவே பக்கவாதம் வந்து நிற்கும்.

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, அளவுமீறிச் சுரக்கும் தைராய்டு, உரத்த குறட்டையோடு கூடிய மூச்சுத் தடை ஆகியவை இதற்கு வழிவகுக்கும். நம் நாட்டில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் முடக்குக் காய்ச்சல், இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சலை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? முதுமையில் தாளம் தவறும்போதுதான் அந்தப் பழைய கணக்கு வெளிப்படுகிறது.

விரல் நுனியில் ஒரு சோதனை

தீர்த்தமலையில் தீர்த்தம் கொண்டுள்ள அகத்தியரைச் சித்த மருத்துவத்தின் தலைவராகப் போற்றுகிறோம். வாத நாடி அன்னம்போலவும் மயில்போலவும் நடக்கும், பித்த நாடி ஆமைபோலவும் அட்டைபோலவும் ஊரும், கப நாடி தவளைபோலவும் பாம்புபோலவும் செல்லும் என்று சித்த மருத்துவ மரபு சொல்வது, விரல் நுனியால் தாளத்தைப் படிக்கும் கலைக்கு எவ்வளவு நுட்பமான மொழி இருந்தது என்பதைக் காட்டும். அந்த அளவு புலமை வீட்டில் தேவையில்லை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதன் துடிப்பே குழப்பும். எண்ணிக்கையைவிட இடைவெளி முக்கியம். ஜபமாலையின் மணிகள்போல் சம இடைவெளியில் வருகிறதா, அல்லது அறுந்த மாலையின் மணிகள்போல் சிதறி வருகிறதா? மூச்சை உள்ளிழுக்கும்போது சற்று விரைந்து வெளிவிடும்போது தளர்வது இயல்பே. எந்த முறையும் இன்றிச் சிதறி வந்தால், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அது சில நிமிட வேலை, வலியும் இல்லை.

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வைத்திருப்போர், அதன் திரையில் ஒழுங்கற்ற துடிப்பைக் குறிக்கும் இதயச் சின்னம் அடிக்கடி மினுக்கினால் அதைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கக் கூடாது. தாளம் தவறியிருக்கும்போது அக்கருவி காட்டும் அழுத்த அளவும் மாறி மாறி வரும். இரண்டு மூன்று முறை பார்த்துக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

துடிப்பு வந்து வந்து போகும் தன்மையுடையதாயின், மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தில் ஈ.சி.ஜி. ஒழுங்காகவே இருக்கும். “எல்லாம் சரியாக இருக்கிறது” என்ற சொல்லோடு திரும்பிவிட்டுப் பின்னர் அவதிப்படுவோர் உண்டு. அத்தகையோருக்கு 24 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் உடலில் அணிந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவி உள்ளது. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் தேதியிட்டு எழுதிக் கொண்டுசென்றால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

உப்புகளின் வரவு செலவு

இதயத்தின் மின்னோட்டம் கம்பியில் ஓடும் மின்சாரம் அன்று, உப்புகளின் போக்குவரத்து. சோடியமும் கால்சியமும் உயிரணுவுக்குள் நுழையும்போது துடிப்பு எழுகிறது. பொட்டாசியம் வெளியேறும்போது அணு ஓய்வுக்குத் திரும்புகிறது. அடுத்த துடிப்புக்கு முன் அவற்றையெல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் இறைப்பான் ஒன்று அணுவின் சவ்வில் உள்ளது. அது இயங்க மக்னீசியம் வேண்டும்.

உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு அணுக்களுக்குள்ளே, பெட்டகத்தில் பூட்டிய பணம்போல் இருக்கிறது. இரத்தத்தில் உலவுவது கைச்செலவுக்கு வைத்த சில்லறை மட்டுமே. ஆனால் அந்தச் சில்லறையின் அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற எல்லைக்குள் நின்றாக வேண்டும். குறைந்தாலும் தாளம் கெடும், மிகுந்தாலும் கெடும். இதன் கணக்கர் சிறுநீரகம். பொட்டாசியம் பற்றி யார் என்ன ஆலோசனை சொன்னாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “சிறுநீரகம் எப்படி இருக்கிறது?” என்பதே.

சிறுநீரகம் நலமாக உள்ளோருக்கு, வயது வந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் உணவில் பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாத்திரையாக அன்று, உணவாக. பாசிப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, வாழைப்பழம், இளநீர், தக்காளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் இதற்கு உதவும். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். அதே எடை முழுப் பாசிப்பயற்றில் 1,000-க்கும் மேல். நவராத்திரிச் சுண்டலை ஒன்பது நாளோடு நிறுத்திவிடாமல் ஆண்டு முழுவதும் தொடர்வதில் தவறேதும் இல்லை. காய்களை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிடும் வழக்கமுள்ள வீடுகளில் பொட்டாசியத்தின் ஒரு பங்கு வடிகாலுக்குப் போகிறது.

மக்னீசியத்துக்குத் தருமபுரி மண்ணே வழிகாட்டும். இம்மாவட்டத்தார் காலங்காலமாக உண்ட களியும் கூழும் கேழ்வரகில் ஆனவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் மக்னீசியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் ஏழில் ஒரு பங்குதான். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 300 முதல் 400 மில்லிகிராம் அளவில். கேழ்வரகில் கால்சியமும் மிகுதி. தானியத்திலுள்ள ஃபைடேட் என்னும் பொருள் இத்தாதுக்களை உடல் முழுமையாக ஏற்கவிடாமல் தடுக்கும். ஊறவைத்து முளைகட்டினாலும், கூழாகப் புளிக்கவைத்தாலும் அத்தடை குறைகிறது. பாட்டிமார் முதல்நாள் இரவே மாவைக் கரைத்துவைத்த காரணம் சுவை மட்டுமன்று. எள், நிலக்கடலை, பாதாம், கீரை வகைகளிலும் மக்னீசியம் உண்டு. எள்ளுருண்டை விற்கும் கடையைச் சனிக்கிழமை மட்டும் நாட வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளோர் வெல்லத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

இத்தனை உண்டும் சிலருக்குக் குறைபாடு வரும். காரணம் மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கும். கால் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் நீர் மாத்திரைகளில் சில, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றிவிடும். நெஞ்செரிச்சலுக்கென்று காலை எழுந்ததும் போட்டுக்கொள்ளும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. என்றோ ஒரு மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டிப் பத்து ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருப்போர் நம்மிடையே எத்தனை பேர்! தாமாக நிறுத்தவும் வேண்டாம், “இது எனக்கு இன்னும் தேவையா?” என்று அடுத்த முறை கேட்டுவிட வேண்டும்.

இனி மறுபக்கம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கு ராமிபிரில், டெல்மிசார்டான் வகை மாத்திரையோ ஸ்பைரனோலாக்டோனோ உண்போருக்கும் பொட்டாசியம் உடலில் தங்கிவிடக்கூடும். கோடையில் குளிர்ச்சி என்று நாளுக்கு மூன்று இளநீர் அருந்துவதும், சோடியம் குறைந்தது என்று விளம்பரப்படுத்தப்படும் மாற்று உப்பைச் சேர்ப்பதும் இவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். மாற்று உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியமே. இவர்கள் சாதாரண உப்பையே குறைத்துக்கொள்வதுதான் வழி. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், எல்லா உப்பும் அடங்க வேண்டும்; ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்து தரும் மாத்திரைப் புட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதயத்துக்கு நல்லது என்று புகழ்பெற்ற மீன் எண்ணெய்க் குளிகைகளை, குறிப்பாக நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் உட்கொண்டவர்களிடம் மேலறை நடுக்கம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாக 2021-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. சைவ உணவினர் ஆளிவிதையும் அக்ரூட்டும் உணவாகக் கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். மருதம்பட்டைக் கஷாயத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஸ்ரீசைலம், திருவிடைமருதூர், திருப்புடைமருதூர் ஆகிய மூன்று தலங்களில் தலவிருட்சமாக நிற்கும் மருதமரத்தின் பட்டை இதயத்துக்கு உகந்தது என்பது நெடுநாள் மரபு. ஆயினும் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்பியிருப்பதற்கு ஆதாரம் போதாது. அருந்துவோர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

துவாதசிக் கீரையும் இரத்தத்தை இளக்கும் மாத்திரையும்

மேலறை நடுக்கம் உள்ளோரில் பலருக்கு, இரத்தம் எளிதில் உறையாமல் காக்கும் மாத்திரை தரப்படுகிறது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு பக்கவாதம் வந்த வரலாறு இவற்றைக் கணக்கிட்டு மருத்துவர் முடிவு செய்வார். ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது.

இம்மருந்துகளுள் மூத்ததான வார்ஃபரினுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், உறையாத இரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பனியில் பயணம் செய்து வேதியியலாளர் கார்ல் லிங்க்கிடம் கொண்டுவந்தார். அந்த ஆய்விலிருந்து பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. நம் நாட்டில் அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோம் மாத்திரை பலருக்கும் தெரிந்தது.

இவ்விரண்டும் வைட்டமின் கே-யின் செயலைத் தடுப்பவை. கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. அதனால் கீரையையே தொடக்கூடாது என்று பலர் விட்டுவிடுகின்றனர், அது தேவையற்றது. வேண்டியது ஒரே சீரான அளவு. பதினான்கு நாள் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையை நிறையச் சேர்த்தால் ஐ.என்.ஆர். அளவு தடுமாறும். பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அளவாகக் கீரை, துவாதசியன்றும் அதே கைப்பிடி அளவு அகத்தி என்று வகுத்துக்கொண்டால் விரதமும் குறைவுபடாது, மருந்தும் தன் வேலையைச் செய்யும்.

கீரைக் கட்டுப்பாடு இல்லாத புதிய மாத்திரைகளும் வந்துள்ளன. ஆனால் உலோக வால்வு பொருத்தியோருக்கு அவை ஆகா. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது முதல், நம் நாட்டிலேயே ஆன வால்வுடன் வாழ்வோர் பலர் உள்ளனர். அவர்கள் பழைய மாத்திரையிலேயே தொடர வேண்டும். முடக்குக் காய்ச்சலால் வால்வு சுருங்கியோருக்கும் பழைய மருந்தே மேலானது என்று, இந்திய நோயாளிகளும் பங்கேற்ற 2022-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. அடுத்த வீட்டுக்காரர் புதிய மாத்திரைக்கு மாறினார் என்பது காரணமாகாது.

விரத நாளில் மாத்திரையை விடுவது பெரும்பிழை. சிவராத்திரியன்று நீரும் அருந்தாமல் கண்விழித்து, காலை மாத்திரையையும் “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிவைப்போர் பக்தியினால்தான் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் சாத்திரமே அதைக் கேட்கவில்லை. நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுக்கா என்பது தரும நூல்களின் விதி. அந்த எட்டில் மருந்தை வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். நீர் வற்றிய உடலில் நீர் மாத்திரையும் சேர்ந்தால் உப்புகள் நிலைகுலையும் என்பதால், விரத நாட்களில் எதை எந்நேரத்தில் உட்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது முதியோர்க்கு அவசியம்.

பூஜைக் கூடையிலும் ஒரு கவனம் தேவை. அரளிப்பூ சிவனுக்கும் அம்பிகைக்கும் உகந்தது. ஆனால் செடி முழுவதும் நஞ்சு. அதிலுள்ள பொருள், மேலே சொன்ன உப்பு இறைப்பானையே நிறுத்தி இதயத் தாளத்தைக் குலைக்கவல்லது. 1785-இல் வில்லியம் விதரிங் வெளியிட்ட நூலால் புகழ்பெற்ற நரிக்கையுறைச் செடியிலிருந்து பெறப்படும் டிகாக்சின் மருந்தும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அது மருத்துவர் அளந்து தருவது, அரளியை யாரும் அளக்க முடியாது. 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதைத் தவிர்க்க முடிவு செய்தது; பூஜைக்குத் தடை விதிக்கவில்லை. வீட்டிலும் அரளி சூடிய படத்தருகே பிரசாதத்தைத் திறந்து வைக்காமல் இருப்பதும், உதிர்ந்த இதழைக் குழந்தைகள் எடுக்காமல் பார்ப்பதும் போதும்.

துடிப்பு மிகக் குறைந்து, நிமிடத்துக்கு 40 என்று வந்து மயங்கி விழுவோருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தப்படுகிறது. உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் பெற்றார். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001-இல் தம் 86-ஆம் வயதில்தான் அவர் காலமானார். தமக்கு அறுவை செய்த மருத்துவரையும் கருவியை வடிவமைத்த பொறியாளரையும் விட அதிக காலம் இருந்தார். பேஸ்மேக்கர் உள்ளோர் பெரிய கோயில்களின் வாயிலில் உள்ள உலோகச் சோதனைச் சட்டத்தைக் கடந்து செல்லலாம். அதனடியில் நிற்கவோ சாயவோ கூடாது. கைபேசியைச் சட்டைப் பையில் கருவியின்மேல் படும்படி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

மார்பு வலி, மயக்கம், அடங்காத மூச்சுத்திணறல் இவற்றோடு தாளம் தவறினால் 108-ஐ அழைக்க வேண்டும். முகம் ஒருபுறம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அடையாளங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. எனவே “படுத்து எழுந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்கலாகாது. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

சென்னைக்கு அருகே திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் உள்ளது. பொருளில்லாத பூசலார் நாயனார் தம் நெஞ்சிலேயே கல் எடுத்து, மண்டபம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தாம் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அன்று தாம் பூசலார் கோயிலில் எழுந்தருளவிருப்பதாகச் சொல்லி நாளை மாற்றச் செய்தார். இதய நோயுற்றோர் இன்றும் அங்கே சென்று வேண்டிக்கொள்கின்றனர்.

தீர்த்தமலைக்கு வரும் முதியோர் காலை வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட்டு, மாத்திரையை உண்டு, கையில் நீரும் மருத்துவச் சீட்டின் நகலும் வைத்துக்கொண்டு, துணையோடு ஏறுவது நலம். பேச்சு முட்டாத வேகமே சரியான வேகம். புதிதாக மருந்து தொடங்கியோரும், அண்மையில் மயங்கி விழுந்தோரும், ஓய்விலேயே நாடி சிதறி ஓடுவோரும் இம்முறை ஏற வேண்டாம். மலையடிவாரத்திலும் கோயில் இருக்கிறது. பிள்ளைகளை மேலே அனுப்பி இராம தீர்த்தத்தை ஒரு செம்பில் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அடிவாரச் சந்நிதியில் அமர்ந்து அவர்கள் வரும்வரை ஜபம் செய்யலாம்.